அக்காவுக்கு வந்த அட்டை

என்னிடம் இருநூறுக்கும் மேற்பட்ட காதலர் தின வாழ்த்து அட்டைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. ஒன்றைத் தவிர, யாருக்கும் கொடுப்பதற்காக வாங்கியதும் இல்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் லேமினேஷன் போட்டுக் கொடுக்கும் நாற்பது வயது தாண்டிய ஒருவன் இப்படி ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பது தெரிந்தவர்களுக்கு வேடிக்கை. பழைய நாணயம் சேர்ப்பவரிடம் மரியாதையாகப் பேசுவார்கள், என்னைக் கண்டால் சிரிப்பார்கள். ஏன் சேர்க்கிறேன் என்று போன வருஷம் வரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அதனால் அவர்கள் சிரித்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

இது தொடங்கியபோது எனக்குப் பதிமூன்று வயது. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் சொந்தத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண். அப்பாவுக்கு வடக்கு ரத வீதியில் பலசரக்குக் கடை. பெண்பிள்ளையைப் பஸ் ஏற்றி அனுப்ப அவருக்கு மனம் இல்லை. அக்காவின் கணக்கு டீச்சரே கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இவளைப் படிக்க வைக்காம விட்டுராதீங்க" என்று கேட்டுக்கொண்டதால்தான் சம்மதித்தார். காலையில் ஏழே முக்காலுக்கு அக்கா பஸ் ஏறுவாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு, காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிடும். அம்மா திட்டிக்கொண்டே மறுபடி சுட வைத்துத் தருவாள்.

அந்தப் பிப்ரவரியில் நான் நான்கு நாள் டியூஷனுக்குப் போகாமல் டி.வி. கடை வாசலில் நின்று கிரிக்கெட் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். அப்பா பெல்ட்டால் அடித்தார். எனக்கு அடியைவிட, அக்கா அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது தாங்க முடியவில்லை. அவளை ஒரு நாள் பயப்பட வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருந்தது. அந்த வாரம் வாசல் முழுக்கச் சிவப்பாகத் தொங்கவிட்டிருந்தார்கள். இருந்ததிலேயே சின்ன அட்டை ஒன்றை வாங்கினேன். ஒரே குடைக்குள் இரண்டு கரடிப் பொம்மைகள், சுற்றிலும் மழை. மழைத்துளிகளுக்கு வெள்ளி நிறத்தில் ஜிகினா தூவியிருந்தது. தொட்டால் கையில் ஒட்டும். கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். "ஐ லவ் யூ. தினமும் உன்னைப் பஸ்ஸில் பார்க்கிறேன்." அக்கா ஐந்து மணிக்கு வந்து முகம் கழுவப் போனபோது வீட்டில் அவள் திறக்காத இங்கிலீஷ் நோட்டுக்குள் வைத்துவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டேன். மறுநாள் கல்லூரியில் வைத்துத் திறப்பாள், திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்கிற எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள் என்று எண்ணி டியூஷனில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு நான் திரும்பினேன். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா யாருடைய போன் நம்பரையோ குறித்துக்கொள்ளத் தாள் வேண்டும் என்று அக்காவின் நோட்டை எடுத்திருக்கிறார். அட்டை கீழே விழுந்திருக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டு அக்காவிடம் நீட்டிக் கேட்டிருக்கிறார். அவள் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். இதெல்லாம் அம்மா தாழ்ந்த குரலில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டது. சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா என் விரல்களைப் பார்த்தாள்.

"சோப்பு போட்டுக் கையக் கழுவிட்டு வா" என்றாள்.

மறுநாள் காலையில் அக்கா பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது அப்பா வாசலில் நின்றார்.

"இனி காலேஜுக்குப் போகண்டாம்."

"யப்பா, எனக்கு இன்னைக்குப் பரீட்சை."

"எழுதுன வரைக்கும் போதும்."

"அது யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. சாமி சத்தியமாத் தெரியாது."

"தெரியாதவன் எப்படிட்டி உன் நோட்டுக்குள்ள கொண்டு வந்து வைப்பான்?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. நான் ஸ்கூல் யூனிஃபார்மில், அவர்களுக்கு நான்கடி தூரத்தில், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பதில் என்னிடம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் அப்பா கோபம் தணிந்து அவளை அனுப்பிவிடுவார் என்றும் நம்பினேன். கணக்கு டீச்சர் மறுபடியும் கடைக்கு வந்தார். இந்த முறை அப்பா கல்லாவை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. அக்காவைவிடப் பதின்மூன்று வயது பெரியவர். கல்யாணத்துக்கு முன்பே யாரோ அட்டை விஷயத்தை மாப்பிள்ளை வீட்டார் காதில் போட்டுவிட்டார்கள். அதைப் பெரிதுபடுத்தாமல் கட்டிக்கொண்டோம் என்று அத்தான் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த வீட்டில் எந்தச் சண்டையும் அட்டையில்தான் போய் முடியும். சாம்பாரில் உப்புக் கூடினாலும், "நெனப்பு அட்டைக்காரன்ட்ட இருந்தா உப்பு எப்படித் தெரியும்?" என்பார் அத்தான். அவர் குடிப்பவர் இல்லை, கை நீட்டுபவரும் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்வார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை. ஊருக்கே கையில் போன் வந்த பிறகும் அவளுக்கு மட்டும் வரவில்லை. மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியதும் அந்தப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் கல்லூரிக்குப் போனேன். டிகிரி வாங்கினேன். அக்காவுக்குக் கிடைக்காமல் போனது எனக்குச் சும்மாவே கிடைத்தது. அதில் நான் ஒன்றும் சாதிக்கவில்லை.

இருபத்திரண்டாம் வயதில், கோவில்பட்டியில் யாரோ தங்கள் ஸ்டேஷனரி கடையைக் காலி செய்தபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு கட்டு அட்டைகள் கிடந்தன. அவற்றில் கரடி அட்டை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்தாலும் கட்டை அப்படியே வாங்கி வந்தேன். அதன் பிறகு பழக்கமாகிவிட்டது. ராஜபாளையம், தென்காசி, சிவகாசி என்று ஜெராக்ஸ் தாளும் இங்க்கும் வாங்கப் போகிற ஊரிலெல்லாம் பழைய ஃபேன்ஸி கடைகளில் கேட்பேன். வாட்ஸ்அப் வந்ததும் அட்டை வாங்க ஆளில்லாமல் போனது. தூசி தட்டாமலே தூக்கிக் கொடுத்தார்கள். பழைய பேப்பர் கடைகளில் எழுதிய அட்டைகளும் கிடைத்தன. எனக்கு அவை இன்னும் பிரியமானவை. ஒன்றில் பெயரை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஒன்றுக்குள் ரோஜா இதழ் கறுத்து, தாளோடு தாளாக ஒட்டிக் கிடந்தது. திறந்தால் பாட்டுப் பாடும் அட்டை ஒன்று இருந்தது. பேட்டரி தீர்ந்துபோய் ஈனசுரத்தில் இரண்டு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். "நீ பதில் போட வேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும்" என்று ஒருவன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். அவள் வாங்கிக்கொண்டாளா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டியில், பாச்சா உருண்டை போட்டு, நடுநடுவே வெள்ளைத் தாள் வைத்து அடுக்கினேன். வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்து வெயில் படாமல் காற்றாட வைப்பேன். இவையெல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோ சேராமலோ என்னிடம் வந்துவிட்டன. நான் தேடிய அட்டை வரவில்லை. அது கிடைத்தால் என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் என் மனைவி பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"எவ அவ?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. சும்மா சேக்கேன்."

"சும்மா ஒருத்தன் இதப் போய்ச் சேப்பானா? இங்கன உள்ளவளா, வெளியூர்க்காரியா? அத மட்டும் சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் அந்த அறையைப் பெருக்கும்போது பெட்டியைச் சுற்றிப் பெருக்குவாள். நகர்த்த மாட்டாள்.

அப்பா ஒரு மழைக்காலத்தில், கடையில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தாள். கடைசியில் நான்கு மாதம் படுக்கை. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்று தலையை ஆட்டினாள். பிறகு சொன்னாள்:

"அந்த அட்டைய நீதான வச்ச?"

கரண்டி என் கையிலேயே இருந்தது.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்லே. உன் கையில மினுமினுன்னு ஒட்டியிருந்துச்சு. அடுப்புச் சாம்பல்லயும் அதே மினுமினுப்பு கெடந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"உங்கப்பா உன்னைய அடிச்சே கொன்னுருவாருன்னு பயந்துட்டேன். அப்பதான் ஒரு தடவ அடி வாங்கியிருந்த." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இப்பம் யோசிச்சுப் பாக்கேன். ரெண்டு அடி கூட அடிச்சிருப்பாரு. அவ்வளவுதான். மறுநா அவ காலேஜுக்குப் போயிருப்பா."

அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மாதமே இறந்துபோனாள். இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம் மறுபடியும் எனக்கு மட்டும் தெரிந்ததாக ஆகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊர்க் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அக்கா வந்திருந்தாள். தபசு பார்க்க வருவதற்கு மட்டும் அத்தான் எதுவும் சொல்வதில்லை. கூட்டத்தில் நின்று கால் வலிக்கிறது என்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அட்டைகளைக் காற்றாடப் பரப்பி வைத்திருந்தேன். மூடி வைக்க நேரமில்லை. அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "இதுல இல்ல" என்றாள்.

"எது?"

"எனக்கு வந்தது."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"உன்ட்ட சொல்லுததுக்கு என்னலே. உங்க அத்தான் அத வச்சு எத்தனையோ பேசியாச்சு. ஆனா எனக்கு அந்த ஆளு மேல கோவமே வந்ததில்ல. தினமும் பஸ்ல பாக்கேன்னு எழுதியிருந்துச்சு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஒரு பையன் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். கண்ணாடி போட்டிருப்பான். ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்ததில்ல. அவன்தான்னு நான் முடிவு பண்ணிக்கிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். தலை நரைத்த என் அக்கா கன்னம் சிவக்கச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "மனசு ஒடிஞ்சு போனா அவன நெனச்சுக்குவேன். நம்மளையும் ஒருத்தன் பாத்திருக்காம்லா, அது போதும். அந்த மாதிரி அட்டை எங்கயாவது கெடச்சா எனக்கு ஒண்ணு கொண்டு வந்து தா. என்ட்ட இருந்தது ஒரு நிமிஷம்தான். சரியாக்கூடப் பாக்கல."

தாரேன் என்றேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

போன வருஷம் தை மாதம் ராஜபாளையத்தில் ஒரு பழைய கடையின் பரணில் அது கிடைத்தது. பழைய நோட்டு அட்டைகளுக்கு அடியில், உறையோடு, ஒரே குடைக்குள் இரண்டு கரடிகள். ஜிகினா பாதி உதிர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் என்னால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்த ஒன்று என்று அப்போது நினைத்தேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அப்படியே கடைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன்.

அத்தான் மண்டிக்குப் போயிருந்தார். முற்றத்தில் ஊறுகாய்க்கு நறுக்கிய எலுமிச்சை காய்ந்துகொண்டிருந்தது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள்.

"இதேதாம்லே!" என்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரடிகளை விரலால் தடவினாள். "இந்தக் குட்டிக்குச் செவப்பு ரிப்பன். அப்பிடியே இருக்கு." அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதில் ஏதோ மெல்ல நின்றுபோனது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"என்னக்கா?"

"இதுதான்னு. நான் யார்ட்டயும் சொன்னதில்லியே. நீ டியூஷன்ல இருந்து வாரதுக்குள்ள அப்பா அடுப்புல போட்டுட்டாருல்லா. நீ அதப் பாக்கவே இல்லியே."

அம்மா சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் என் வாய் வரை வந்தது. ஆனால் அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"எழுத்து கோணக்கோணயா இருந்துச்சு" என்றாள். "எடது கையால எழுதுனியோ?"

"ஆமாக்கா."

"எதுக்குலே?"

"டியூஷனுக்குப் போகலன்னு நீ அப்பாட்ட சொல்லிட்டேல்லா. அதுக்கு."

"டியூஷனுக்கா?" என்றாள். "டியூஷனுக்காலே?" என்று மறுபடியும் கேட்டாள். நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அப்பம் பஸ்ல நின்ன பையன்?"

"யாரும் இல்லக்கா."

அவள் அழுவாள், திட்டுவாள், அட்டையைக் கிழித்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதை உறைக்குள் போட்டு என்னிடமே நீட்டினாள். "நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய், எலுமிச்சைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடத் தொடங்கினாள்.

அன்றைக்கே அத்தானின் மண்டிக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எழுதினேன், இடது கையால் எழுதினேன், அவளுக்கு ஒன்றுமே தெரியாது, இத்தனை வருஷமும் நீங்கள் அவளைப் பேசியது அத்தனையும் என்னைச் சேர வேண்டியது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் தட்டினார்.

"நல்ல தம்பிதான் மாப்ளே நீ. இத்தன வருஷம் கழிச்சு அக்காளுக்காகப் பழிய ஏத்துக்கிட வந்திருக்கேல்லா" என்று சிரித்தார். "ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. பையில் இருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். "கடையில ஆயிரம் விக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். "நான் எவளோ ஒருத்தின்னு நெனச்சேன்" என்றாள். "ஒருத்தி இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லங்க. மதினி முகத்துல நான் இனி எப்படி முழிப்பேன்?" மூன்று நாள் என்னிடம் அவள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினாள், பால் பாக்கெட்டைப் பற்றி.

அக்கா வீட்டுக்குப் போன் செய்தால் அவள் மகள்தான், என் மருமகள், எடுப்பாள். அம்மா குளிக்கிறாள், அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பாள். போன வருஷமும் இந்த வருஷமும் தபசுக்கு அக்கா வரவில்லை. கால் வலி என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

இந்த ஆவணியில் அந்த மருமகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் நடக்காது என்பதால் அக்காவும் அத்தானுமாக வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, எல்லாரையும் அழைப்பது போலவே எங்களையும் அழைத்தார்கள். அக்கா என் மனைவியோடு மட்டும் பேசினாள். புளியங்குடி மண்டபத்தில் மாமன் சீர் வைத்தேன். பெண்ணுக்கு மாலை போட்டேன். மருமகள் காலில் விழுந்து எழுந்தாள். பி.எஸ்ஸி. முடித்த பிள்ளை. மேலே படிக்க ஆசைப்பட்டாள் என்று யாரோ பேசிக்கொண்டார்கள்.

பந்திக்கு நேரமானபோது அக்கா வரிசையாக எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். என் முன்னால் வந்து நின்றாள். பட்டுச் சேலையில், நெற்றியில் குங்குமம் வியர்வையில் கரைந்து, மிகவும் களைத்திருந்தாள். பிறந்ததிலிருந்து என்னை ஏலே என்று தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள், இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"வாங்க தம்பி" என்றாள். "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சரிங்க என்றேன். அவள் அடுத்த நாற்காலிக்குப் போனாள்.